வேங்கிக்கால் அணியின் மூன்றாவது ஆள்

எனக்குத் தெரியாத விஷயங்கள் உலகத்தில் ஏராளம் என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். இருக்கலாம். எங்கள் மலேசிய ஊரான ஈப்போவில் பதினொரு வருடமாக வியாழக்கிழமைதோறும் நடக்கும் வினாடி வினா லீக்கில் அவற்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். பழைய நகரத்தில் ஒரு பப். மற்ற மேசைகளில் பீர், என் மேசையில் எலுமிச்சைச் சாறு. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடும் பெண் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள் என்று இன்றுவரை நம்புகிறேன்.

திருவண்ணாமலைக்கு நான் வந்தது வினாடி வினாவுக்காக அல்ல. தம்பியின் ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு அம்மாவின் பிறப்புப் பதிவு தேவைப்பட்டது. அம்மா பிறந்தது கீழ்பென்னாத்தூரில். வீட்டில் வாய் உள்ளவள் நான்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

புதன்கிழமை மதியம் வந்து இறங்கினேன். மாமா மகன் வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டியிருக்கிறான். பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. அவன் மனைவி கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். களியைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அவள் பாடம் எடுத்தாள். நான் மென்றேன். "மென்னா பல்லுல ஒட்டிக்கும், சொன்னா கேளுங்க" என்றாள். ஒட்டிக்கொண்டது. ஈப்போவில் கோழிச்சோற்றை ஒரு கை பார்ப்பவள் இங்கே ஒரு களி உருண்டையிடம் தோற்றேன். ஆனால் குழம்பு? அதற்காகவே இன்னொரு விண்ணப்பம் போடலாம்.

வியாழக்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே மனு தட்டச்சு செய்து தரும் கடை ஒன்றுக்குப் போனேன். ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கணினிக்கும் நடுவில் முப்பத்துநாலு வயது மதிக்கத்தக்க பெண். பெயர் ஜெயந்தி. என் பாஸ்போர்ட்டைப் புரட்டியவள் நிமிர்ந்தாள்.

"ஈப்போவா? ஈயம் தோண்டுற ஊராச்சே."

"தோண்டின ஊர். இப்போ தோண்டுறதில்ல."

"புக்குல இன்னும் அப்பிடித்தாங்க போட்டுக்கினு இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், "அங்க சுண்ணாம்புக் குகைக்குள்ள கோயில்லாம் இருக்குதாமே?" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நான் ஒரு கேள்வி கேட்டேன். பின்பக்கமாகப் பறக்கத் தெரிந்த பறவை எது? "ஹம்மிங்பேர்ட். இது ஆறாவது புக்குல வர்ற கேள்விக்கா" என்றாள். மேடம் அக்காவானது அந்த இடத்தில்தான். ஒரு மனு தட்டச்சாகி முடிவதற்குள் இருவரும் முப்பது கேள்வி முடித்திருந்தோம். பின்னால் வரிசையில் நின்றவர் ஒருவர், "ஏம்மா, எக்ஸாம் முடிஞ்சுதுன்னா என் பட்டா மனுவையும் கொஞ்சம் பாரு" என்றார்.

ஜெயந்தி அரசுத் தேர்வை நான்கு தடவை எழுதியவள். "ஒவ்வொரு தபாவும் ஒன்னு, ரெண்டு மார்க்குல போயிரும். கடைசி தடவ ஒரே ஒரு மார்க்கு. அதோட வுட்டுட்டேன்" என்றாள், யாரோ வீட்டுக் கதைபோல. படித்ததெல்லாம் தலைக்குள் அப்படியே இருந்தது. அதைச் செலவழிக்க அவளுக்கு ஒரே ஓர் இடம்தான். செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதியில் ஒரு கஃபே. அங்கே சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வினாடி வினா லீக். டேவிட் என்ற வேல்ஸ்காரர் தொடங்கியது. அவர் ஊரில் அது பப்பில் நடக்கும். கோயில் ஊரில் பப்புக்கு எங்கே போவது? சுக்குக் காபி வைத்து நடத்துகிறார். ஆறு அணிகள். ஐந்தில் வெளிநாட்டுக்காரர்களும் சென்னையிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களும். ஒன்று மட்டும் உள்ளூர். அதுதான் ஜெயந்தியின் கடை இருக்கும் பகுதியின் பெயரில் வேங்கிக்கால் அணி, மூன்று பேர்.

மூன்றாவது ஆள் ஜினதாஸ் என்ற பள்ளி ஆசிரியர், ஜைனர். இந்தச் சனிக்கிழமை அவருடைய கிராமத்துக் கோயிலில் விசேஷம், வர முடியாது.

"நீங்க வர்றீங்களாக்கா?" என்று கேட்டாள். இதெல்லாம் ஒரு கேள்வியா?

வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர் பேருந்து பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எங்கள் ஊரில் இப்படி ஆனால் எல்லாரும் போனை எடுத்துப் புகார் எழுதத் தொடங்குவோம். இங்கே எல்லாரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து உறவுமுறை விசாரிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை அள்ளி என் மடியில் கொட்டினாள். "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்றாள். அம்மாவின் பெயரைச் சொன்னேன். தெரியாது என்றாள். அதற்காகக் கடலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

பதிவேட்டில் அம்மாவின் பெயர் கிடைத்தது. நகல் திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்கள். வந்த காரியம் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டதால், ஜெயந்தி சொல்லியிருந்த விதைக்கடைக்குப் போனேன். அணியின் இரண்டாவது ஆளான பார்த்திபன் அங்கே நெல் விதை மூட்டைகளுக்கு நடுவே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஜெயந்தி போன் பண்ணிச்சுங்க. நீங்க பெரிய ஆளாமே" என்றார். மறுக்கவில்லை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "நாளைக்குத்தான் இந்த சீசன் கடைசி ஆட்டம். கடைசில வர்ற டீமு வெளிய போயிரணும். வெளிய ரெண்டு டீமு காத்துக்கினு இருக்குது. ஒருவாட்டி போனா உள்ள வர்றது கஷ்டம். நமக்கும் மயில் டீமுக்கும் இதுவரைக்கும் ஒரே பாயிண்ட்டு. நாளைக்கு ரெண்டு பேருக்கும்தான் போட்டி, யாரு கடைசின்னு." சற்று நிறுத்தி, "எனக்கொன்னும் இல்லீங்க, நான் விதை வித்துக்கினு இருப்பேன். அந்தப் பொண்ணுக்குத்தான். வாரம் பூரா அடுத்தவங்க மனுவத் தட்டிக்கினு இருக்குது. சனிக்கிழமை ஒருநாள்தான் அதுக்குன்னு ஒரு பேரு" என்றார்.

"கவலைப்படாதீங்க" என்றேன். பதினொரு வருட அனுபவம் பேசியது.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கலெக்டர் அலுவலக வாசலில் ஆட்டோ பிடித்துக் கஃபேவுக்குப் போனேன். தரையில் பாய், வட்டமாக ஆறு குட்டை மேசைகள், நடுவில் டேவிட். எழுபது வயது, வேட்டி, கழுத்தில் ஒரு விசில். சுக்குக் காபி தொண்டையில் இறங்கியபோது ஈப்போ வெள்ளைக் காபியைச் சிறிது நேரம் மறந்தேன். மயில் அணி எங்களுக்கு நேர் எதிரே. இரண்டு ஜெர்மன்காரர்கள், ஒரு ஜப்பானியப் பெண். மூவரும் சைக்கிளிலேயே ஊர் சுற்றுகிறவர்கள். முகம் வெயிலில் செம்பாக மாறியிருந்தது. அவர்களும் பயந்துபோய்த்தான் இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் எளிது. கேள்வி ஓர் அணிக்கு வரும். தெரியாவிட்டால் அடுத்த மேசைக்கு நகரும். சொன்னவர்களுக்குப் பத்துப் புள்ளி. ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால், திறமைசாலி அணிக்கு அடுத்து உட்கார்ந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் எங்கும் பாதி ஆட்டத்துக்குப் பிறகு கேள்வி எதிர்த்திசையில் சுற்றும். ஈப்போவிலும் அப்படித்தான்.

இங்கே அப்படி இல்லை. பாதி முடிந்ததும் டேவிட் விசில் ஊதினார். எல்லாரும் எழுந்தார்கள். குவளை, முறுக்குத் தட்டு, குறிப்பேடு, செருப்பு என்று சகலத்தையும் தூக்கிக்கொண்டு, வரிசை தலைகீழாகும்படி இடம் மாறினார்கள். ஒரு ஜெர்மன்காரர் என் காபியையும் சேர்த்து எடுத்துப் போனார். இரண்டு நிமிடம் கல்யாணப் பந்தி மாதிரி ஒரே தள்ளுமுள்ளு.

"எதுக்கு இது? கேள்விய எதிர்ப்பக்கம் திருப்பினா போதுமே" என்றேன்.

பார்த்திபன் என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்போடு கருவறைக்குள் போய்விட்டதுபோல இருந்தது. "இந்த ஊர்ல போயி அப்பிரதட்சணமா சுத்துறதாங்க? மலைய யாராவது அப்பிடிச் சுத்துவாங்களா?"

டேவிட் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் விளக்கினார். முதல் மாதம் அவர் கேள்வியை எதிர்த்திசையில்தான் அனுப்பினாராம். இடப்பக்கமாக வந்த கேள்விக்கு வேங்கிக்கால் அணி வாயே திறக்கவில்லை. பதில் தெரிந்தும் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். "கேள்வி திரும்பாது என்றால், ஆட்கள்தான் திரும்ப வேண்டும்" என்றார். அன்றிலிருந்து பாதியில் இடம் மாறி உட்கார்வது லீக்கின் சட்டம். பௌர்ணமி வாரம் லீக்குக்கு விடுமுறை என்பது இன்னொரு சட்டம்.

இடம் மாறிய பிறகு எங்களுக்கு வந்த முதல் கேள்வி: வேர்க்கடலை முதன்முதலில் விளைந்த கண்டம் எது? எங்களுக்கு முந்தைய மேசையில் இருந்த சென்னை இளைஞர்கள் ஆப்பிரிக்கா என்று சொல்லித் தவறவிட்டிருந்தார்கள். பார்த்திபன் சட்டைக் காலரை ஒரு முறை சரிசெய்தார். "தென் அமெரிக்கா. வெத வாங்க வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக்கினே இருக்கேன், ஒருத்தனும் நம்பமாட்டேங்குறான்." பத்துப் புள்ளி.

அதற்கடுத்து எங்களுக்கு வந்ததுதான் அந்தக் கேள்வி. "அடியிலிருந்து உச்சிவரை அளந்தால் உலகிலேயே உயரமான மலை..."

எவரெஸ்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் எக்வடோர் நாட்டுச் சிம்பராசோ. ஜெயந்தி என் முழங்கையைத் தொட்டு, "ஹவாய்க்கா, மௌனா கியா" என்று முணுமுணுத்தாள். அவள் முடிப்பதற்குள் நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "சிம்பராசோ!"

பூமியின் மையத்திலிருந்து அளந்தால்தான் சிம்பராசோ. அடியிலிருந்து அளந்தால் மௌனா கியா, ஏனென்றால் அதன் அடி கடலுக்குள் இருக்கிறது. இரண்டுமே எனக்குத் தெரிந்த விஷயம். வாய் முந்திக்கொண்டது. கேள்வி அடுத்த மேசைக்குப் போனது, அவர்கள் சரியாகச் சொன்னார்கள். ஜெயந்தி முறுக்கை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசிக் கேள்வி முடிந்தபோது பலகையில் மயில் அணிக்கு எண்பது, எங்களுக்கு அறுபது. மற்ற நான்கு அணிகளும் நூறைத் தாண்டியிருந்தன. டேவிட் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். பார்த்திபன் குடையைத் தேட ஆரம்பித்தார்.

ஜெயந்தி எழுந்து நின்றாள். "சார், வேர்க்கடலைக்குக் குடுத்த பத்து எங்க சார்?"

பலகையில் அணிகளின் பெயர் இல்லை. முதல் மேசை, இரண்டாம் மேசை என்று கோடு போட்டிருந்தார் டேவிட். ஆட்கள் இடம் மாறினார்கள், கோடுகள் மாறவில்லை. சில கேள்விகளுக்குப் பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. அதற்குள் எங்கள் வேர்க்கடலைப் பத்து, அந்த மேசையில் முன்பு உட்கார்ந்திருந்த மயில் அணியின் கணக்கில் ஏறிவிட்டது. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு தவறு நடக்க வழியே இல்லை.

நான் என் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். யார் எதற்குப் பதில் சொன்னார்கள் என்று அணிவாரியாக எழுதிவைப்பது என் பழக்கம். டேவிட் வரிவரியாகப் படித்தார். தலையில் அடித்துக்கொண்டார். அங்கே பத்தைக் குறைத்தார், இங்கே பத்தைக் கூட்டினார். எழுபதுக்கு எழுபது. மயில் அணிக்காரர்களே கைதட்டினார்கள்.

சமன் ஆனால் டேவிட்டிடம் ஒரு வழக்கம். எந்தப் போனிலும் கிடைக்காத, அவரே நேரில் போய் எண்ணிவந்த ஒன்றைக் கேட்பார். இரு அணியும் காகிதத்தில் எழுத வேண்டும், நெருங்கியவர் பிழைத்தார். கேட்டார்: "கலெக்டர் அலுவலக வாசலிலிருந்து இந்த வாசல்வரை எத்தனை வேகத்தடை?"

நான் அன்று அதே வழியில்தான் ஆட்டோவில் வந்திருந்தேன். எனக்கு இடுப்பு வலி பல வருடமாக உண்டு. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இன்னும் எத்தனையோ என்று எண்ணிக்கொண்டே வந்தவள். ஒன்பது. அதில் சந்தேகமே இல்லை.

ஜெயந்தி ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள். "ஏழு" என்றாள். "டெய்லி போற ரோடு." பார்த்திபன், "எனக்குத் தெரியாதும்மா, நான் பஸ் ஸ்டாண்டுலருந்து வர்றவன்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "என்னாக்கா, சரிதான?"

ஒன்பது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே சிம்பராசோவும் வந்தது. இவள் இந்த ஊர்க்காரி, தினமும் போகிறவள். நான் ஒருநாள் ஆட்டோவில் வந்தவள். இன்னொரு தடவை வாயைத் திறந்து இவளைக் கவிழ்க்க வேண்டுமா?

"உன் ஊரு, உனக்குத் தெரியாதா" என்றேன்.

மயில் அணி எழுதியது பத்து. டேவிட் தன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். ஒன்பது.

"இருக்காது" என்றாள் ஜெயந்தி. பிறகு மெதுவாக, "அவங்களுக்கு ஒன்னு ஜாஸ்தி, எங்களுக்கு ரெண்டு கம்மி" என்றாள். "ஒன்னு. மறுபடியும் ஒன்னு." எல்லாருக்கும் கைகொடுத்தாள். மயில் அணி ஜப்பானியப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள், இவளும் சிரித்தாள். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை.

பார்த்திபன் பேருந்துக்குப் போய்விட்டார். நான் ஆட்டோவுக்குக் கை காட்டப் போனேன்.

"அக்கா, நீங்களும் அந்த வழியாத்தான வந்தீங்க. எத்தினின்னு பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒன்பது" என்றேன்.

"டேவிட் சார் சொன்ன பொறவா?"

"இல்ல. முன்னாடியே தெரியும்."

அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். அவள் வீடு அந்தக் கஃபேவுக்குப் பின்தெருவில்தான். "ஏறுங்க" என்றாள்.

வழி முழுவதும் எண்ண மட்டும் செய்தாள். முதல் வேகத்தடையில் நட்டநடுவே ஏற்றி இறக்கி, "ஒன்னு" என்றாள். என் இடுப்பு அதை உறுதி செய்தது. "ரெண்டு." "மூணு." நான்காவதற்கு முன் எங்களை முந்திய ஸ்கூட்டர்களெல்லாம் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கின. வேகத்தடை அங்கே உடைந்து, ஒரு வண்டி போகும் அளவுக்குத் தட்டையான சந்து இருந்தது. எல்லாரும் அதில் புகுந்து, குலுங்காமல் போனார்கள். ஜெயந்தியின் கையும் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு நேராக்கிக்கொண்டு, நடுவில் ஏற்றினாள். "நாலு" என்றாள். ஏழாவதும் அதே மாதிரி ஓரம் உடைந்தது. அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கும்தான்.

கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே ஒன்பதாவதைத் தாண்டி வண்டியை நிறுத்தினாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிரே அவள் கடையின் இரும்புக் கதவு சாத்திக் கிடந்தது.

"ரெண்டு இடத்துல தினம் ஓரமாவே பூந்து போயிக்கினு இருந்திருக்கேன். கண்ணு இருந்தும் பாக்கல. அது என் தப்பு."

நான் இறங்கி நின்றேன்.

"நீங்க சிம்பராசோன்னு சொன்னீங்களே, அப்ப எனக்குக் கோவமே வர்லக்கா. தெரியும்னு நெனச்சு சொன்னீங்க, தப்பாப் போச்சு. பரிச்சைல நானும் அப்பிடி எத்தினி எழுதியிருக்கேன்." ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "இதுல கரெக்டா தெரிஞ்சுகினு கம்முனு இருந்தீங்களே. எம்மேல பாவம் பாத்து ஒருத்தரும் இப்பிடி செஞ்சதில்ல. இது யாரு தப்பு, சொல்லுங்க?"

"என்னோடது" என்றேன்.

"கரெக்ட்" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.